இதயத்தைக் காக்கும் நித்திய கடமைகள்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் இதய நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இதய நோய் வராமல் தடுப்பது எப்படி?" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷங்களுக்கு மேலாக இதய நோய்ப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது தெரியுமா? "டாக்டர், நாங்க சுத்த சைவம். சிகரெட் கிடையாது, மது கிடையாது. எங்களுக்கு எப்படி ஹார்ட் அட்டாக் வரும்?" இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டுதான் கேட்பார்கள். அந்த இடத்தில் பதில் சொல்வதை விட, இப்படி ஒரு கூட்டத்தில் முன்கூட்டியே சொல்வது நல்லது என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

சைவம் மட்டும் கவசமாகுமா?

டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா என்பவர் இந்திய ரயில்வேயில் மருத்துவராக இருந்தவர். நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களிடையே இதய நோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்து 1967-ல் வெளியிட்டார். நெய்யும் வெண்ணெயும் தாராளமாகச் சாப்பிடும் பஞ்சாப் பகுதி ஊழியர்களை விட, கொழுப்பு மிகக் குறைவாகச் சாப்பிட்ட தென்னிந்திய ஊழியர்களிடையே இந்த நோய் சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று அவர் கண்டார். அவர் சொன்ன காரணங்களைப் பற்றிப் பிறகு பல விவாதங்கள் நடந்தன. ஆனால் "நாம் எண்ணெய், நெய் அதிகம் சேர்ப்பதில்லை, நமக்கு ஒன்றும் வராது" என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

சென்னை நகரில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. மற்ற நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதில் வருகிறதென்றால், தெற்காசியர்களான நமக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது என்று 2007-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. பையன் காலேஜில் படித்துக்கொண்டிருப்பான், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்போம், வீட்டுக் கடன் பாக்கி இருக்கும். அந்த வயதில் வருகிறது.

ரத்தக்குழாயில் நடப்பது என்ன?

நமது இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் குழாய்கள் மிக மெல்லியவை. அவற்றின் உட்சுவரில் இருபது வயதிலிருந்தே கொழுப்புப் படிய ஆரம்பிக்கிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொலஸ்டிரால் எல்லாம் சேர்ந்து அந்தப் படிவத்தை வளர்க்கின்றன.

இதில் ஒரு முக்கியமான விஷயம். குழாய் மெதுவாக அடைத்து, முழுவதும் மூடிய பிறகுதான் மாரடைப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாதி கூட அடைக்காத ஒரு படிவம் திடீரென்று வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து சில நிமிஷங்களில் குழாய் மூடிவிடும். "போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு சொன்னாளே" என்று குடும்பத்தார் திகைப்பது இதனால்தான். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இதே பாடம்தான். அடைத்த இடத்தைச் சரி செய்திருக்கிறோமே தவிர, வியாதியைத் துடைத்து எறிந்துவிடவில்லை. படிவத்தை வளர்க்கும் காரணங்களைக் கட்டுப்படுத்துவதுதான் உண்மையான சிகிச்சை.

காரணங்கள் என்னென்ன? கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. புகை, கொலஸ்டிரால் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழங்கள் குறைவு, உடற்பயிற்சியின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பது விஷயங்களே முதல் மாரடைப்பின் அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணம் என்று அது கண்டது. "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட முடியாது. தலையெழுத்தில் பெரும்பகுதியை நம் சமையலறையிலும், நம் செருப்பிலும் திருத்தி எழுதலாம்.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியர்கள் உண்ணும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நம் ஆத்து நிலைமையைப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது தோசை. மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று சுற்று. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு ரோஸ்ட். சாயங்காலம் காபியுடன் முறுக்கு அல்லது பிஸ்கட். ராத்திரி மறுபடி சாதம், அல்லது உப்புமா. நாள் பூராவும் அரிசியும் ரவையும்தான். காய்கறி என்பது சாம்பாரில் மிதக்கும் இரண்டு தான்!

நான் சொல்லும் மாற்றம் ஒன்றே ஒன்று. சாதத்துக்குக் கறியைத் தொட்டுக்கொள்வதை நிறுத்தி, கறிக்குச் சாதத்தைத் தொட்டுக்கொள்ள ஆரம்பியுங்கள். தட்டில் பாதி இடம் கறி, கூட்டு, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், தயிர். மீதிக் கால் பங்குதான் சாதம். ரசத்தைச் சாதமில்லாமல் டம்ளரில் விட்டுக் குடியுங்கள். ஒரு சுற்று சாதம் குறைந்துவிடும். கொத்தவரங்காய், அவரைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை எல்லாம் நம் பாட்டிமார்கள் வாரம் தவறாமல் செய்ததுதானே! நறுக்குவதற்குச் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம்.

ஏகாதசி, அமாவாசை விரதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க ஏற்பட்ட ராத்திரி பலகாரம், இன்று நாலு அடையும், வெண்ணெயும், வெல்லமுமாக ஆகிவிட்டது. விரத நாளில் மற்ற நாட்களை விட அதிகம் சாப்பிட்டால் அது எந்த விதத்தில் விரதம் என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் சில நாள் வரும் திவசச் சாப்பாட்டாலோ, தீபாவளி பக்ஷணத்தாலோ இதயம் கெட்டுப் போவதில்லை. மீதி முந்நூற்றைம்பது நாள் சாப்பாடுதான் தீர்மானிக்கிறது.

உப்பு பாக்கெட் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம் கணக்கு யாருக்கும் வீட்டில் புரியாது. அதனால் பாக்கெட் கணக்கு சொல்கிறேன். புருஷன், மனைவி இருவர் மட்டும் உள்ள ஆத்தில் ஒரு கிலோ உப்பு குறைந்தது நூறு நாள் வர வேண்டும். நான்கு பேர் இருந்தால் ஐம்பது நாள். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் பிரிக்கும்போது தேதி போட்டு வைத்துப் பாருங்கள். இதற்கு மேல் கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், சிப்ஸ், மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பு தனி. தயிர் சாதத்தில் உப்பு போட்டு, அதற்கு மாவடுவும் மோர் மிளகாயும் வைத்துக்கொண்டால், ஒரே கவளத்தில் மூன்று தடவை உப்பு சேர்கிறது.

எண்ணெய்க்கும் இதே கணக்கு உண்டு. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர். இருவருக்கு ஒரு லிட்டர், நால்வருக்கு இரண்டு லிட்டர். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. வனஸ்பதி போன்றவற்றில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு மிகவும் கெடுதல். அதை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் விதி 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனாலும் பேக்கரி பண்டங்களிலும், பல தடவை காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, சமோசாவிலும் ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும்.

நடக்கக் கற்றுக்கொள்வோம்

1953-ல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். பெரிய வித்தியாசம் கால்களுக்குக் கிடைத்த வேலைதான்.

நம்மவர்கள் பரம்பரையாக உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போனவர்கள். அன்று கணக்கர், ஆசிரியர், வங்கி ஊழியர். இன்று கம்ப்யூட்டர். ஆனால் அன்று ஆற்றுக்கும், குளத்துக்கும், கோயிலுக்கும் நடந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். இன்று லிஃப்ட், ஸ்கூட்டர், கார். காய்கறி கூட வாசலுக்கு வருகிறது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம், அதாவது வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம்மில் பலர் நடந்துகொண்டே சாவதானமாக ராக ஆலாபனை செய்யும் வேகத்தில்தான் போகிறார்கள்! டெல்லி போன்ற வட இந்திய நகரங்களில் இருப்பவர்கள், குளிர்காலத்தில் புகை மூட்டமான விடியற்காலையில் வெளியே நடக்க வேண்டாம். குளிரும் மாசும் இரண்டுமே இதயத்துக்குப் பகை. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், ஆசனங்கள் செய்யலாம். பிராணாயாமம் மனதை அமைதிப்படுத்தும், நல்ல விஷயம். ஆனால் அது நடைக்குப் பதில் ஆகாது. இரண்டும் வேண்டும்.

தூக்கமும் மருந்துதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்து, விடியற்காலை வீடு வந்து, மத்தியானம் வரை தூங்கி, கடைச் சாப்பாடு சாப்பிடும் நம் குழந்தைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. நாற்பது வயதுகூட ஆகாத பிள்ளைகளுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது, வெளியே பெஞ்சில் அவர்களுடைய அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காட்சி யாருக்கும் வேண்டாம்.

சிகரெட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விட்ட ஒரு வருஷத்திலேயே அதனால் வந்த கூடுதல் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதயத்துக்குக் கேடுதான். "அது புகையில்லையே" என்பது சமாதானம் ஆகாது.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

பாஸ்புக் பாக்கி, பிக்சட் டெபாசிட் முதிர்வு தேதி எல்லாம் நமக்கு மனப்பாடம். இந்த எண்களும் அப்படியே தெரிந்திருக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126, மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ.1.சி. 6.5 என்ற அளவுகளில் நீரிழிவு ஆரம்பம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள். எடை சரியாக இருந்தும் தொப்பை மட்டும் இருப்பது நம்மவர்களின் தனி லக்ஷணம். அது அழகுப் பிரச்னை அல்ல, அபாய அறிவிப்பு. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டிரால் எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே இலக்கு அல்ல.

முப்பது வயதிலிருந்தே இவற்றைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கோ அண்ணாவுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மேல் நீரிழிவும், முப்பத்தைந்து பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருக்கிறது. பி.பி. தலையை வலிக்காது, சர்க்கரை உடம்பைக் கிள்ளாது. "நன்னாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நாமாகவே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறோம்!

வாயு என்று நினைத்து...

இனி நான் சொல்வதை மட்டுமாவது எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக மனைவியுடன் வசித்த ஒரு பெரியவர். பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு மார்பில் கனமும் வியர்வையும். "வாயுதான்" என்று பெருங்காயம் போட்ட மோர் குடித்தார். அடங்கவில்லை. ஓமத்தண்ணீர் குடித்தார். இந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விடியும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு எங்களிடம் வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. பிறகு பத்து படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரண்டரை மணிக்கே வந்திருந்தால் அந்தத் தசையில் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு அம்மா. தாடை வலி, களைப்பு, குமட்டல். பல் வலி என்று நினைத்து, மத்தியானத் தளிகையை முடித்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சொன்னார். பெண்களுக்கு, முக்கியமாக சர்க்கரை உள்ளவர்களுக்கு, மார்வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கு அபாயம் கூடுகிறது. தாய்மார்களே, அடுப்பை அணைத்துவிட்டு உடனே சொல்லுங்கள். சமையல் காத்திருக்கும், இதயம் காத்திருக்காது.

மார்பில் அழுத்தம், இடது கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், சில நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மாடிப்படி இறங்கி நடக்காதீர்கள். முதல் ஈ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயுவாக இருந்தால் நஷ்டம் ஒரு ஈ.சி.ஜி. செலவுதான்.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பகுதியில் தனியாக வசிக்கும் முதியோர்களின் பட்டியலும், ராத்திரியில் கதவைத் தட்டக்கூடிய ஒரு பக்கத்து வீட்டாரின் போன் நம்பரும் வைத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்று போனவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சியை வருஷம் ஒரு முறை நடத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும்.

கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: நெய் நல்லதா, தேங்காய் எண்ணெய் நல்லதா, நல்லெண்ணெய் நல்லதா?

பதில்: தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், நெய்யில் சுமார் 60 சதவீதமும் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் வகைக் கொழுப்பு. தினசரி சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றை மாற்றி மாற்றி உபயோகிக்கலாம். பருப்பு சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டுக்கொள்வதில் தவறில்லை. கரண்டியால் விடுவதுதான் தவறு.

கேள்வி: எனக்கு 72 வயது, இதய நோய் கிடையாது. முன்னெச்சரிக்கையாகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடலாமா?

பதில்: நீங்களாகச் சாப்பிடாதீர்கள். நோய் இல்லாத முதியவர்களுக்கு அதனால் இதயத்துக்கு லாபமில்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று 2018-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயம் வேறு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

கேள்வி: எங்காத்துக்காரர் டெஸ்டுக்கே வர மாட்டேங்கிறார். என்ன பண்றது?

பதில்: (சிரிப்பு) பயம்தான் காரணம், பிடிவாதம் இல்லை. வருஷா வருஷம் அவருடைய ஜன்ம நக்ஷத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்வீர்கள் அல்லவா? அந்த வாரத்திலேயே பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். நீங்களும் கூடவே டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். தீர்க்காயுசுக்கு வேண்டிக்கொள்வதோடு, நம் பங்குக்கு ஆக வேண்டியதையும் செய்வோம்.